அத்தைக்கு எதற்கு 10,000 ஸ்டெப்ஸ்?

மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது அத்தைக்கு. ‘இனி ஆரோக்கியமா இருக்கணும்மா’ என்று மகன் அவர் போனில் ஒரு நடைப்பயிற்சி ஆப் போட்டுக் கொடுத்தான். தினமும் 10,000 ஸ்டெப்ஸ். முதல் நாள் 2,000-லேயே மூச்சு வாங்கி, தெருமுனை பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி, ‘இன்றைய இலக்கில் 20 சதவிகிதம்தான்’ என்றது ஆப். நான்காம் நாள் அத்தையே அதை அழித்துவிட்டார். “டாக்டர்கூட என்னை இப்படித் திட்டினதில்லடா!”

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடையை எண்ணும் ‘மான்போ-கெய்’ என்ற கருவியின் பெயரிலிருந்து. அதன் பொருளே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’தான். விற்பனைக்காக வைத்த எண் அது. அத்தையைப் போன்றவர்களை மனதில் வைத்துச் சொன்னதல்ல.

சிகிச்சை முடிந்தாலும், தூங்கி எழுந்தாலும் போகாத அசதி மாதக்கணக்கில் இருக்கலாம். சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போய் தடுக்கி விழலாம். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். அதற்காகப் படுத்தே இருக்கவும் கூடாது. அளவான உடற்பயிற்சி அந்த அசதியையே குறைக்கும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் கூட்டிய நிபுணர் குழு 2019-ல் வெளியிட்ட அளவு, வாரம் 3 நாள், 30 நிமிடம். அதையும் மெள்ள மெள்ளத்தான் எட்ட வேண்டும்.

அப்படியென்றால், நல்ல ஆப் எப்படி இருக்கும்? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், புற்றுநோய் பரவி கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வலி, குமட்டல், அசதியைக் கணினியில் பதிவு செய்தார்கள். நிலைமை மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் வெளியான முடிவின்படி, பதிவு செய்தவர்கள் இடைநிலைக் கணக்கில் சுமார் 5 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டதும், பதிலைக் காதில் வாங்க ஒரு மனிதர் இருந்ததும்தான் அங்கே வித்தியாசம்.

உங்கள் வீட்டிலும் மீண்டு வந்தவர் இருந்தால், ஆப் இறக்கும் முன் பாருங்கள். இன்று உடம்பு எப்படி என்று கேட்கிறதா? இலக்கை நாமே குறைக்க முடிகிறதா? பதிவுகளை டாக்டரிடம் காட்ட முடியுமா? நம் விவரங்களை யாருக்குத் தருகிறது? ‘இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் திரும்பாது’ என்று எதையாவது விற்றால், உடனே அழித்துவிடுங்கள். புதிதாக வலியோ வீக்கமோ வந்தால், ஆப்பைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

அத்தை இப்போது தினமும் பிள்ளையார் கோயில் வரை போய் வருகிறார். நடந்த நாளுக்கு காலண்டரில் ஒரு டிக். அசதியில் பாதியிலேயே திரும்பிய நாளுக்கும் டிக் உண்டு!