மறையும் கப்பல் தெரியவும் வேண்டும்

'ரேடாரில் தெரியாத போர்க்கப்பல்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாணவர்களே. அப்படி ஒரு கப்பல் உலகில் இல்லை.

சிங்கப்பூர்க் கடற்படையின் ஃபார்மிடபல் ரக ஃபிரிகேட் கப்பல்களையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் ஆறு. முதலாவது பிரான்ஸில் கட்டப்பட்டது, மற்ற ஐந்தும் சிங்கப்பூரிலேயே உருவாயின. 2007 முதல் 2009 வரை சேவையில் சேர்ந்தன. விமானம், கப்பல், நீர்மூழ்கி என எது வந்தாலும் எதிர்கொள்ளும் பலபணிக் கப்பல்கள் இவை. நீளம் ஏறக்குறைய 115 மீட்டர், எடை 3,200 டன். இதை எப்படி மாயமாக்குவது?

மாயமாக்க முடியாது. ரேடாரின் கண்ணுக்குச் சிறிதாக்கலாம், அவ்வளவுதான். இக்கப்பலின் படத்தைப் பாருங்கள். பக்கச் சுவர்கள் சாய்ந்திருக்கும். மேல்தளத்தில் பொருள்கள் இறைந்து கிடக்காது. செங்கோணத்தில் சந்திக்கும் பரப்புகள் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும் என்பதே காரணம். மிதிவண்டியின் பின்னால் உள்ள சிவப்பு வில்லை கார் வெளிச்சத்தில் பளிச்சிடுவதும் இதே தத்துவத்தில்தான். சாய்ந்த சுவரோ அலையை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ரேடார் அலை போகும்போதும் பரவி வலுவிழக்கிறது, திரும்பும்போதும் வலுவிழக்கிறது. ஆகவே, கப்பல் திருப்பி அனுப்பும் அலையை 16 மடங்கு குறைத்தாலும் அது கண்ணில் படும் தூரம் பாதியாக மட்டுமே குறையும். 40 கிலோமீட்டரில் தெரிந்திருக்க வேண்டியது 20 கிலோமீட்டரில் தெரியும். தூரத்தைப் பத்தில் ஒரு பங்காக்க 10,000 மடங்கு குறைக்க வேண்டும்! இத்தனை உழைப்பும் போரில் சில நிமிடங்களைச் சம்பாதிக்கத்தான். அந்த நிமிடங்கள் விலைமதிப்பற்றவை, மறுக்கவில்லை.

ஆனால், போர் இல்லாத நாளில்?

2018 நவம்பர் 8, விடியற்காலை. நார்வே கடற்படையின் 'ஹெல்கே இங்ஸ்டாட்' ஃபிரிகேட், 'சோலா டிஎஸ்' என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. எண்ணெய்க் கப்பலின் விளக்குகளைக் கரையின் விளக்குகள் என்று ஃபிரிகேட்டைச் செலுத்தியவர்கள் நினைத்துவிட்டார்கள். எண்ணெய்க் கப்பலின் ரேடாரில் ஃபிரிகேட் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஆனால், பெயரில்லாத புள்ளி. கப்பலின் பெயர், திசை, வேகத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி, மற்றவர்களின் தகவலைப் பெறும் நிலையில் மட்டுமே இருந்தது. தன்னைப் பற்றி எதையும் அனுப்பவில்லை. எதிரே வருவது யார் என்று விசாரித்து அறிவதற்குள் நேரம் கடந்துவிட்டது. 137 பேரும் உயிர் தப்பினார்கள். கப்பல் மூழ்கியது. பின்னர் தூக்கியெடுத்தும் பயனில்லை, உடைத்துவிட்டார்கள்.

உலகின் மிக நெரிசலான நீர்வழிகளில் ஒன்று சிங்கப்பூர் நீரிணை. வணிகக் கப்பல்களுக்குள்ள ஏஐஎஸ் கட்டாயம் போர்க்கப்பல்களுக்கு இல்லை. அனைத்துலக விதி விலக்களிக்கிறது. என் கருத்தில், இத்தகைய குறுகிய வழிகளிலாவது எல்லா நாட்டுப் போர்க்கப்பல்களும் அமைதிக் காலத்தில் அந்தக் கருவியை இயக்குவதே வழக்கமாக வேண்டும். ரகசியம் போய்விடும் என்பார்கள். கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கே தெரியும் கப்பலில் என்ன ரகசியம்? எஃப்-35 போர் விமானங்கள்கூடச் சாதாரண நாள்களில், ரேடாரில் நன்றாகத் தெரிவதற்கென்றே ஒரு சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு பறப்பதுண்டு.