பழைய பம்பும் அதன் ஒளிமுடியும்

பழம்பொருளைப் புதுப்பித்தலாவது அதனை அழகு செய்தல் மட்டுமன்று. அது வழங்கிய காலத்தைத் திரிபின்றிக் காட்டுதலும் ஆம். இதனை விளக்க, அமெரிக்க ஐக்கிய நாட்டில் பழைய பெட்ரோல் பம்புகளைத் திரட்டிப் பேணுவோர்க்கு எழும் ஒரு சிறு வினாவை எடுத்துக்கொள்வோம். பம்பின் உச்சியில் எந்தக் கண்ணாடிக் கோளத்தை அமைப்பது என்பதே அவ்வினா.

1910-களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்நாட்டுப் பம்புகள் ஒளிக்கோளம் தாங்கி நின்றன. உள்ளே மின்விளக்கு எரியும். வெளியே கம்பெனியின் பெயரும் சின்னமும் துலங்கும். இரவில் வண்டியோட்டி வருவோர் எந்த எண்ணெய் அங்குக் கிடைக்குமெனத் தொலைவிலேயே அறிவர். கண்ணாடியாதலின் அவற்றுட் பல உடைந்தொழிந்தன. பம்பு கிடைப்பினும் கோளம் கிடைத்தல் அரிது. ஆகவே புதிதாய்ச் செய்த கோளங்களைப் பலர் வாங்குகின்றனர். அது குற்றமன்று. கண்ணைக் கவர்வது எதுவோ அதனையே ஏற்றிவிடுதல் தகாதென்பதே நமது கொள்கை.

முதலாவது, காலம் பொருந்தவேண்டும். பல்லாண்டு உழைத்த பம்பு ஒன்று பல கோளங்களை மாறி மாறித் தாங்கியிருக்கலாம். ஆதலின் அதனை எவ்வாண்டின் கோலத்தில் நிறுத்துகிறோமென முன்னரே துணிதல் வேண்டும். ஈயங் கலந்த 'எதில்' பெட்ரோல் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் 1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 1920-ஆம் ஆண்டின் கோலத்தில் நிற்கும் பம்பின்மேல் 'எதில்' கோளம் ஒளிருமாயின் அது பொய்ச்சாட்சியே.

இரண்டாவது, இடம் பொருந்தவேண்டும். 1911-இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் நீதிமன்றத் தீர்ப்பால் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது; அவை வெவ்வேறு மாநிலங்களில் வாணிகம் நடத்தின. மகுட வடிவக் கோளத்தாற் பெயர்பெற்ற இந்தியானாக் கம்பெனியின் களம் பெரும்பாலும் நடுமேற்கு மாநிலங்களே. பசிபிக் கரையில் உழைத்த பம்புக்கு அம்மகுடம் எங்ஙனம் உரியதாகும்? பம்பின் மேற்பூச்சை மெல்லச் சுரண்டினால் அடியிலுள்ள பழைய வண்ணம் வெளிப்படும். அவ்வூர்ப் பழைய புகைப்படங்களும் துணைசெய்யும். இவற்றை வினவாமல் கடைப்பட்டியலை மட்டும் நோக்குதல் சோம்பலேயாம்.

மூன்றாவது, அமைப்புப் பொருந்தவேண்டும். தொடக்கத்தில் ஒரே வார்ப்பான கோளங்கள் மிகுதி; பின்னர், உலோக வளையத்தின் இருபுறமும் கண்ணாடி முகம் பதித்தவையும், கண்ணாடியுடலும் பிளாஸ்டிக் உடலும் உடையனவும் வந்தன. 13½ அங்குல முகம் பெருவழக்காயினும், வாங்குமுன் அடிவாயை அளந்து காண்பது நன்று.

வரலாறு கசப்பாயின் கோளத்தை மறைத்துவிடலாமா எனின், அதுவும் ஆகாது. அன்று பெருமையாய் ஒளிர்ந்த 'எதில்' என்னும் பெயர் நஞ்சான ஈயத்தைக் காற்றிற் கலந்த பெயருமாம். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை அந்நாடு 1996-இல் முற்றிலும் தடுத்தது. உரிய பம்பின்மேல் அக்கோளம் நிற்கட்டும். அருகே அச்செய்தியும் எழுதப்படட்டும்.

புதுக்கோளத்தின் உட்புறத்தில், அது செய்யப்பட்ட ஆண்டை அழியாதவாறு பொறித்தலும் கடமையாம். இன்று நாம் அறிந்தே வைக்கும் போலியை, ஐம்பதாண்டு கழித்து வாங்குவோர் மெய்யென நம்பிப் பொருளிழத்தல் கூடும். மாணவ நண்பர்களே, நூலாயினும் கட்டடமாயினும் கருவியாயினும் பழமையைத் தொடுங்கால் இவ்வெச்சரிக்கை நம் அனைவர்க்கும் வேண்டும்.