பொது உலகில் எழுதினால் புலமை குறைந்துவிடுமா?

பல எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரே மாய உலகைப் பொதுவாக வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சிறுகதை எழுதித் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று யாராவது சொல்லட்டும். நம் இலக்கியக் கூட்டங்களில் பதில் தயாராக இருக்கும்: "சொந்தமாக ஓர் உலகைப் படைக்க வக்கில்லாதவன்தான் அடுத்தவன் உலகில் குடியேறுவான். அதெல்லாம் வெள்ளைக்காரன் சந்தைக்காகக் கண்டுபிடித்த உத்தி." கம்பத்துத் தேநீர்க் கடையிலும் இதே பேச்சு, சென்னை அரங்குகளிலும் இதே பேச்சு. சொல்லப்படும் இரண்டுமே தவறு.

சந்தை விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். ராபர்ட் ஆஸ்பிரின் 1979இல் 'தீவ்ஸ் வேர்ல்ட்' தொகுப்பைக் கொண்டுவந்தார். சாங்சுவரி என்ற ஒரே கற்பனை நகரம், அதில் பலருடைய கதைகள்; ஒருவர் படைத்த பாத்திரம் இன்னொருவர் கதையிலும் வந்துபோகும். 1987இல் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொகுத்த 'வைல்ட் கார்ட்ஸ்' வந்தது. ஆங்கிலத்தில் இந்த வகைக்குத் தனிப் பெயரும் கடையில் தனி அலமாரியும் கிடைத்தன. பெயர் வைத்தவர்கள் அவர்கள் என்பதாலேயே பெற்றவர்களும் அவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர் இதை மறக்கவே கூடாது. கூடலூருக்கு மேலே, எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஜனம் அங்கே ஏறுகிறது. மதுரையை எரித்த கண்ணகி விண்ணேறிய மலை இதுதான் என்பது நம்மவர் நம்பிக்கை. இளங்கோவின் காப்பியத்தில் அவள் தெய்வமாகிக் கோயில் கொள்கிறாள். சாத்தனாரின் காப்பியத்துக்கும் அதே உலகம்தான். நாயகி மட்டும் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் மணிமேகலை. வான்வழி செல்லவும் வேற்றுரு எடுக்கவும் மந்திரங்கள், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி, முற்பிறவியைக் காட்டும் மணிபல்லவத்துப் பீடிகை. இதற்கு மேல் என்ன மாயம் வேண்டும்?

சரி, இன்னொருவர் உலகத்துக்குக் கட்டுப்பட்டுச் சாத்தனார் வாய்மூடி எழுதினாரா? மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போய்க் கண்ணகியின் படிமத்துக்கு முன் நிற்கிறாள். கண்ணகி வாய் திறக்கிறாள்: ஊரை எரித்த வினை தன்னையும் விடாது, பிறவிகள் தொடரும், புத்தர் தோன்றும் காலத்தில்தான் விடுதலை. ஒரு காப்பியத்தில் அறத்தின் சீற்றமாக நிற்பவள், மற்றொன்றில் அந்தச் சீற்றத்துக்கே கணக்குச் சொல்லவேண்டியவளாகிறாள். இரண்டில் எது முந்தியது என்று அறிஞர்கள் வாதாடட்டும். ஒரே கண்ணகிக்கு இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன என்பதுதான் நமக்கு முக்கியம். சாத்தனார் தனக்கென்று வேறொரு பத்தினியைப் படைத்திருந்தால் இந்த மறுப்புக்கு இத்தனை கூர்மை வந்திருக்குமா?

"பொது உலகில் எழுதினால் தனித்தன்மை அழிந்துவிடும்" என்பது அடுத்த அச்சம். குறுந்தொகையை எடுத்துக்கொள்வோம். 200க்கும் மேற்பட்ட புலவர்கள். எல்லாருக்கும் அதே தலைவன், அதே தலைவி, அதே தோழி, அதே செவிலி. அகப்பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே தடுக்கிறது. இத்தனை பொதுமைக்குள் புலவன் கரைந்துபோயிருக்க வேண்டுமே? நடந்தது வேறு. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் ஆகியோரின் சொந்தப் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவரவர் பாட்டில் வைத்த ஓர் உவமை, ஒரு காட்சி, அதுவே அவரவருக்குப் பெயராக நின்றுவிட்டது. பெயர் அழிந்த பிறகும் அழியாத தனித்தன்மை இது.

ஐங்குறுநூறு இன்னும் துல்லியமான சான்று. ஐந்து புலவர்கள், ஆளுக்கு 100 பாட்டு: மருதத்துக்கு ஓரம்போகியார், நெய்தலுக்கு அம்மூவனார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார். தொகுத்தவர் கூடலூர் கிழார். தமிழ்நாட்டில் கூடலூர்கள் பல. அவர் நம்மூர்க்காரர் என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. ஆனால் பொது உலகம், பிரித்துக் கொடுத்த களம், ஒரு தொகுப்பாசிரியர் என்ற ஏற்பாடு முழுதாக இங்கே இருக்கிறது. நிலமும் பொழுதும், தெய்வமும் உணவும், மரமும் பறவையும் பறையும் எந்தத் திணைக்கு எவை என்று விதியும் இருந்தது. வேண்டிய இடத்தில் திணை மயங்க இடமும் இருந்தது.

'அதெல்லாம் பழங்கதை' என்பவர்கள் இந்தப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தைப் பார்க்கட்டும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் பொது. ஸ்பெஷல் நாடகத்துக்கு நடிகர்களைத் தனித்தனியாகத்தான் பேசி முடிப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் தொடங்கியதும் யாருக்கு எவ்வளவு சரக்கு என்பது தெரிந்துவிடும். முடிவு தெரிந்த கதையைக் காணத்தான் ஜனம் விழித்திருக்கிறது.

இந்த வகைத் தொகுப்புகளில் மட்டமானவை நிறைய என்பதை ஒப்புக்கொள்கிறேன். உலகுக்கு ஒருவர் முதலாளியாகி மற்றவர்களைக் கூலிக்கு எழுதவைத்தால், எதையும் மாற்றத் துணியாத கதைகள்தான் வரும். விதியே இல்லாமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டாத கதைகள் வரும். இரண்டுமே தொகுப்பாசிரியரின் கோளாறு. பொது உலகின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை. அகலிகை கதையை எடுத்துப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதியபோது அதை இரவல் என்றா தள்ளினோம்? செத்தவர் உலகை எடுத்தால் மறுவாசிப்பு, உயிரோடு இருப்பவர்கள் பகிர்ந்துகொண்டால் இரவலா?

இந்த எதிர்ப்புக்கு எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. தனி உலகில் எழுதுபவருக்கு, புதுமையான களமே பாதி மதிப்பெண் வாங்கித் தந்துவிடும். எல்லாருக்கும் ஒரே மலை, ஒரே தெய்வம், ஒரே விதி என்றால் மிஞ்சுவது எழுத்து மட்டும்தான். பக்கத்துக் கதை நன்றாக இருந்தால் நம் கதையின் பலவீனம் அடுத்த பக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஒப்பீட்டுக்குப் பயந்துதான் நம்மில் பலர் 'சொந்த உலகம்' என்று கொடி பிடிக்கிறோம். கபிலருக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. வக்கில்லாதவர் யார் என்ற கேள்வியை இனி கொடி பிடிப்பவர்கள் பக்கமே திருப்பிக் கேட்கலாம்.