கராஜை மூடச் சொல்லும் தாளில் நான் ஏன் கையெழுத்து வைக்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் இரவைக்கு ஆறுதலாக வாசியுங்கள்.

ஒரு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற விடயம் எல்லோருக்கும் தெரியும். வாகனங்களுக்கு ‘மொடிஃபை’ வேலை செய்கிற கராஜை மூட வேண்டும், பள்ளி நிர்வாகம் தலையிட வேண்டும் என்று கையெழுத்து சேர்க்கிறார்கள். என்னிடமும் தாள் வந்தது. நான் வைக்கவில்லை. ஏன் சேர் வைக்கல்ல என்று மூன்று பேர் கேட்டார்கள். இன்னும் சிலர் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருடைய கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரவு பதினொரு மணிக்கு சைலன்சரின் உள்பகுதியைக் கழற்றிய பைக் ஒன்று வீதியால் போனால் தொட்டில் பிள்ளை எழும்பி அழுகிறது, ஏ.எல் படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடுகிறது, பிரஷர் உள்ள வாப்பாமார் நெஞ்சைப் பிடிக்கிறார்கள். நோன்பு காலத்தில் தறாவீஹ் முடிந்த பிறகு பிரதான வீதி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நானும் அந்த வீதியில்தான் குடியிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தாளில் எழுதியிருப்பது ‘வாகனங்களில் எந்தவித மாற்றமும்’ என்று. அந்த இரண்டு சொல்லில்தான் எனக்குப் பிரச்சினை.

என்னிடம் படித்த ஒரு தம்பி, பெயர் வேண்டாம். கத்தாரில் ஆறு வருடம் இருந்து வந்து ஒரு சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாங்கியிருக்கிறார். நம் ஊரில் ஸ்விஃப்ட் புதினமில்லை. ஆனால் இது வேறு. 1.4 லீற்றர் டேர்போ, 140 குதிரைவலு, எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. காலை அழுத்தினால் பாயும். இந்தக் காரில் அவர் என்ன மாற்றியிருக்கிறார் என்று கேட்டேன். முன் பிரேக் பேட், பிரேக் எண்ணெய், நாலு புது டயர், பின்னால் வளைவில் சாய்வைக் குறைக்கிற ஒரு கம்பி, ஸ்டியரிங்குக்கு குஷன் கடையில் தைத்த தோல் உறை. பின்னாலிருந்த எழுத்துகளைக் கழற்றிவிட்டார். சைலன்சர் கம்பனியில் வந்தபடியே இருக்கிறது. “சேர், இது எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றார். அந்தக் கார் உங்கள் வீட்டு வாசலால் தினமும் போகிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இந்த வேலைகளைச் செய்ததும் நீங்கள் மூடச் சொல்கிற அதே கராஜ்தான்.

நான் படிப்பிப்பது விஞ்ஞானம், அதனால் கொஞ்சம் கணக்குப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு செக்கன் என்று வைப்போம். அதற்குப் பிறகு காய்ந்த வீதியில், நல்ல டயருடன் நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். மொத்தம் 37. இப்போது 100 கிலோமீற்றரில் பாருங்கள். முதல் செக்கனுக்கு 28, நிற்க 55, மொத்தம் 83 மீற்றர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, நிற்பதற்கான தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று ஓ.எல்லில் படித்ததுதான் இது. மழை பெய்தால் இந்தக் கணக்கும் போதாது.

ஆக, வேகமான கார் வைத்திருப்பவர் முதலில் செலவழிக்க வேண்டியது நிறுத்துவதற்கு. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைக்கு இறங்குகிற பதினெட்டு வளைவில் போனவர்களுக்கு இது புரியும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பேட் சூடேறும், பிரேக் எண்ணெய் சூடேறும். டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த பிறகு அதே தரம் கேட்பது 155 பாகைதான். எண்ணெய் கொதித்து உள்ளே ஆவி உண்டானால் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சை மிதிப்பது போல அடியில் போய் நிற்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்த எண்ணெயை வாங்கிய நாளிலிருந்து மாற்றாத கார்கள் நம் ஊரில் எத்தனை? அந்தக் கார்களில் எந்த ‘மொடிஃபிகேஷனும்’ இல்லை. அவற்றுக்கு எதிராக யாரும் கையெழுத்து சேர்க்கவில்லை.

டயரும் அப்படித்தான். ஒவ்வொரு டயரும் வீதியைத் தொடுகிற இடம் ஓர் உள்ளங்கை அளவு. அந்த நாலு உள்ளங்கையில்தான் உங்கள் மனைவி மக்கள் போகிறார்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பூ ஆழமாக இருக்கிறது என்று பாவித்த டயரை மலிவுக்கு வாங்குகிறோம், இலக்கத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவை வாசித்து முடித்ததும் வெளியே போய் உங்கள் வாகனத்தின் நாலு இலக்கத்தையும் ஒருதரம் பாருங்கள்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருகிறேன், தம்பிமார் கோபிக்க வேண்டாம்.

சுருள் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைப் பதிக்கிறீர்கள். பார்க்க வடிவுதான். ஆனால் சுருளின் எண்ணிக்கை குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும், அசைய இடமும் குறையும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே பொடிக்குப் போகும், வளைவில் டயர் வீதியை விட்டு எழும்பும். பதிக்கத்தான் வேண்டும் என்றால் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷொக்கும் இருக்கின்றன, காசு சேர்த்துப் போடுங்கள். கிரைண்டரால் வெட்டுவதை நான் மொடிஃபிகேஷன் என்று சொல்ல மாட்டேன், அது காரைப் பழுதாக்குவது.

ஈசியூ மாற்றி வலு கூட்டுகிற ஆசையும் அப்படி. ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் 100 ஒக்டேன் அளவில் விற்கப்படுகிறது. அதற்கென்று எழுதிய கணக்கை இணையத்தில் எடுத்துக் காரில் ஏற்றிவிட்டு இங்கே 92 அடித்தால் என்ன நடக்கும்? பிளக்கின் தீப்பொறியால் எரிய வேண்டிய கலவை அழுத்தத்தில் தானாகவே வெடிக்கும். அதைத்தான் ‘நொக்கிங்’ என்கிறோம். சுத்தியலால் பிஸ்டனின் தலையில் அடிப்பது போல. கொஞ்ச நாளில் எஞ்சின் கழற்ற வேண்டி வரும். லீசிங் காசு கட்டி முடியாத காரில் இந்த விளையாட்டு எதற்கு?

லைட்டைப் பற்றி ஒரே வரி. ஹலோஜன் பல்புக்காகச் செய்த கூட்டுக்குள் மலிவு எல்ஈடி பல்பைச் செருகினால் ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும், அந்த எதிரே வருகிறவர் சைக்கிளில் சுபஹுக்குப் போகிற உங்கள் வாப்பாவாக இருக்கலாம்.

சைலன்சரில் எனக்கு எந்த இரக்கமும் இல்லை. சத்தம் கூடினால் வலு கூடியதாக ஒரு எண்ணம் வருகிறது, பெரும்பாலான பைக்குகளில் கூடுவது சத்தம் மட்டும்தான். சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. ஆஸ்பத்திரி, பாடசாலை, பள்ளி மூன்றும் ஒரே வீதியில் இருக்கிற ஊரில் அது அடுத்த மனிதனுக்குச் செய்கிற அநியாயம். பொலிஸ் பிடித்தால் நான் விடுவிக்க வர மாட்டேன், என் மாணவனாக இருந்தாலும் சரி.

ஓட்டப் போட்டி ஆசை உள்ளவர்கள் தியத்தலாவையை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒருவர். போட்டிக்கென்றே அமைத்த பாதையில், அதிகாரிகளும் பாதுகாப்பும் இருந்த இடத்தில் நடந்தது இது. நம் கடற்கரை வீதியில் ஆடும் மாடும் பிள்ளைகளும் குறுக்கே வரும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்பீர்கள். கராஜை மூடினால் இந்த வேலைகள் நிற்காது. வீட்டுக் கொல்லையில், யூடியூப் பார்த்து, ஜாக்கி கூட ஒழுங்காக இல்லாமல் நடக்கும். இப்போது ஒரு அனுபவசாலி காக்கா பார்த்துச் செய்கிறார், கூடாததைக் கூடாது என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் அங்கே இருக்கிறார். அவர் எல்லா நேரமும் சொல்கிறாரா என்பது நியாயமான கேள்வி. அதை அவரிடமே போய்க் கேட்கலாம்.

‘இஸ்ராஃப், வீண் விரயம்’ என்று ஒரு ஹஸ்ரத் எழுதியிருந்தார். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, அவருக்கு மரியாதை. எனக்கு ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. கலியாண மண்டபத்துக்கு ஒரே இரவில் லட்சக்கணக்கில் லைட் கட்டும்போது இந்தச் சொல் ஏன் அவ்வளவு சத்தமாக வருவதில்லை? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்கிடையில் நம் ஆட்கள் இருந்த காரைத்தான் பாதுகாத்து, திருத்தி, தங்கள் விருப்பத்துக்கு மாற்றி ஓடினார்கள். பழைய பொருளில் கவனம் வைப்பதை நான் விரயம் என்று எண்ணவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தை ரிம்முக்குக் கொட்டிவிட்டு உம்மாவின் மருந்துக்குக் கடன் கேட்கிறவர் வேறு கதை, அவருக்கு வீட்டில் பேச வேண்டும்.

இன்னொன்று, ஆசிரியன் என்ற முறையில். அந்தக் கராஜில் வேலை பழகுகிற நாலு பொடியன்களில் மூன்று பேர் என் வகுப்பில் பின் வாங்கில் இருந்தவர்கள். கணிதத்தில் முப்பது புள்ளி எடுக்காதவர் இன்று போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று நியூட்டன் மீற்றரில் சொல்கிறார். கல்வியியல் கல்லூரியில் ‘செய்து கற்றல்’ என்று எங்களுக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பித்தார்கள், அதை நான் அந்த எண்ணெய்த் தரையில் பார்த்தேன். இவர்களுக்கு இல்லாதது ஒரு தாள் மட்டும். இப்படி வேலைத்தளத்தில் பழகியவர்களைப் பரிசோதித்து நைற்றா மூலம் என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அது இருந்தால் கொழும்பில் கம்பனிக்கும் போகலாம், வளைகுடாவுக்கு டிரைவராகவோ கிளீனராகவோ போகாமல் டெக்னீஷியனாகப் போகலாம். கராஜை மூடினால் இந்த மூன்று பேரும் எங்கே போவார்கள் என்று கையெழுத்து வைத்தவர்கள் யோசித்தார்களா தெரியாது.

2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று பொலிசார் பஸ்ஸிலும் த்ரீவீலிலும் மேலதிகமாகப் பூட்டியதைக் கழற்றச் சொன்னபோது நாடு முழுக்க இதே வாக்குவாதம் வந்தது. எது ஆபத்து, எது வெறும் ஆசை என்று பிரிக்காமல் ஒரே கூட்டில் போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

என் யோசனை இது. தாளிலிருக்கிற ‘எந்தவித மாற்றமும்’ என்பதை எடுத்துவிடுங்கள். சைலன்சர் கழற்றுவது, ஸ்பிரிங் வெட்டுவது, கண்ணைக் குத்துகிற லைட், இந்த மூன்றையும் செய்ய மாட்டேன் என்று கராஜ்காரர் எழுதி சுவரில் ஒட்டட்டும். நிறம் மாற்ற வருகிறவரிடம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றச் சொல்லட்டும், காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவிக்கச் சொல்லட்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் சொல்லாமல் செய்த மாற்றம்தான் முதலில் முன்னால் வந்து நிற்கும். பெருநாளைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை மைதானத்தில் பிரேக், டயர், லைட் மூன்றையும் இலவசமாகப் பார்த்துக் கொடுப்போம். நான் அதிபரிடம் கேட்டுவிட்டேன், மைதானம் தரலாம் என்றார். கராஜ் காக்காவும் பொடியன்களும் வர ஒத்துக்கொண்டார்கள். டயர் அழுத்தம் பார்க்கிற கருவி இரண்டு தேவை, இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.

தாளை இப்படித் திருத்தினால் முதல் கையெழுத்து நான் வைக்கிறேன்.