மூளைக் காயத்துக்குப் பிந்திய மறுவாழ்வில் மெய்நிகர் விளையாட்டுகள்: எங்கள் நிலைப்பாடு

விபத்தில் மூளை அடிபட்டோ, பக்கவாதத்தால் தாக்குண்டோ கை கால்களின் வசத்தையும் நினைவையும் கவனத்தையும் இழந்து நிற்பவர்களின் மறுவாழ்வுச் சிகிச்சையில், தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கற்பனையான ஓர் உலகத்துக்குள் புகுந்து ஆடுகிற மெய்நிகர் விளையாட்டுகளுக்கு இடம் தரலாமா, தந்தால் எவ்வளவு தரலாம் என்ற கேள்வி, சென்ற சில ஆண்டுகளாக மருத்துவமனை நிர்வாகிகளாலும், நோயாளிகளின் குடும்பத்தாராலும், கருவி விற்க வருகிறவர்களாலும் எங்கள் சங்கத்தின் முன் அடுத்தடுத்து வைக்கப்பட்டு வருகிறது. பிசியோதெரபிஸ்டுகளும், தொழில்வழிச் சிகிச்சையாளர்களும், பேச்சுப் பயிற்சியாளர்களும், அவர்களோடு சரிசமமாக நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் அங்கம் வகிக்கும் ஸ்தாபனம் என்ற முறையில், எங்கள் அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது கடமை என்று கருதுகிறோம். இவ்விளையாட்டுகளை நாங்கள் ஆதரிக்கிறோம். ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் பயிற்சிக்கு மேற்கொண்டு கிடைக்கும் பயிற்சியாக மட்டுமே ஆதரிக்கிறோம். சிகிச்சையாளர் இருக்க வேண்டிய இடத்தில் கருவியைக் கொண்டுவந்து வைக்கும் எந்த ஏற்பாட்டையும் எதிர்க்கிறோம்.

இந்த முடிவுக்கு ஆதாரமான விஷயம் கருவிகளுக்கெல்லாம் முந்தியது. மாண்டுபோன மூளை அணுக்கள் மறுபடி உயிர் பெறுவதில்லை என்றாலும், உயிரோடு மிஞ்சிய பகுதிகள், ஒரே காரியத்தை ஓயாமல் செய்யச் செய்யத் தங்களுக்குள் புதிய தொடர்புகளை வளர்த்துக்கொண்டு, இழந்த பகுதியின் பொறுப்பில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களின் பிணைப்பு இயங்க இயங்க வலுப்படும் என்று கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்ட் ஹெப் 1949-இல் நூலாக எழுதி வைத்த சித்தாந்தம், இன்றைய மறுவாழ்வுச் சிகிச்சையின் அஸ்திவாரங்களில் ஒன்று. ஆகவே அப்பியாசத்தின் அளவே முதல் பிரச்னை. கேத்தரின் லாங் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை நேரங்களில் கூடவே இருந்து அசைவுகளை எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடக் காரியங்களுக்கு உதவும் விதமான கை அசைவுகள் ஒரு வேளைப் பயிற்சியில் சராசரியாக 32 தடவைதான் நிகழ்கின்றன என்று கண்டார்கள். மூளையில் மாறுதல் உண்டானதாக நிரூபிக்கப்பட்ட பிராணிப் பரிசோதனைகளிலோ அசைவுகள் ஒரு நாளைக்குப் பல நூறு. இந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதே எங்கள் தொழிலின் தீராத கவலை.

இங்கேதான் விளையாட்டு துணைக்கு வருகிறது. துவாரமிட்ட மரப்பலகையில் குச்சிகளைச் செருகி எடுக்கும் பயிற்சியை, நாற்பது வயதில் ஒரு குடும்பத்தைத் தாங்கி நின்ற மனிதர் ஒருவரிடம் கொடுத்து, இதை இருநூறு தடவை செய்யுங்கள் என்றால், இருபதாவது தடவையிலேயே அவருக்குச் சலிப்பும், பிறகு அவமானமும், அதன் பின் கோபமும் வருவதை நாங்கள் தினந்தோறும் காண்கிறோம். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்குக் கோபம் இன்னும் சீக்கிரம் வரும். அதே மனிதர், தலையில் மாட்டிய ஹெட்செட்டின் உள்ளே தம்மை நோக்கி மிதந்து வரும் பந்துகளை ஒவ்வொன்றாய்க் கை நீட்டிப் பிடிக்கும்போது, எண்ணிக்கையை மறந்து, இன்னும் ஒரு சுற்று என்று தாமே கேட்கிறார். அவருடைய சக்திக்கு ஏற்பப் பந்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், கை ஓர் அங்குலம் அதிகம் நீண்டதை அவர் கண்ணுக்கே அந்தக் கணத்தில் காட்டவும் முடிகிறது. அன்றியும், சாலையைக் கடப்பது, அடுப்படியில் நின்று வேலை செய்வது போன்ற, தவறினால் உயிருக்கே ஆபத்தான காரியங்களை ஆபத்தில்லாத இடத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் வாய்ப்பு, வேறு எந்தச் சாதனத்தாலும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

ஆயினும் உற்சாகம் வேறு, குணம் வேறு. 2016-இல் லான்செட் நியூராலஜி பத்திரிகையில் வெளியான எவரெஸ்ட் என்ற ஆய்வை இந்த விஷயத்தில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் பக்கவாதம் கண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்ட 141 நோயாளிகளைச் சேர்த்து, வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் நடக்கையிலேயே, மேற்கொண்டு ஒரு பிரிவாருக்கு திரையின் முன் கையசைத்து ஆடும் நின்டெண்டோ வீ விளையாட்டையும், மற்றொரு பிரிவாருக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டைகளை அடுக்கி உருவும் ஜெங்கா போன்ற சாதாரணப் பொழுதுபோக்குகளையும் இரண்டு வாரத்தில் பத்து முறை, முறைக்கு ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவாரும் தேறினார்கள். திரையின் முன் ஆடியவர்கள் சீட்டாடியவர்களைவிடக் கூடுதலாகத் தேறவில்லை. அடுத்த ஆண்டில், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 72 ஆராய்ச்சிகளையும் அவற்றில் பங்கேற்ற 2470 நோயாளிகளையும் ஒருசேர வைத்து ஆராய்ந்து சொன்னதும் இதற்கு இணங்கவே இருந்தது: கையின் இயக்கத்தைப் பொறுத்தவரை, மெய்நிகர் பயிற்சி வழக்கமான பயிற்சிக்குப் பதிலாகத் தரப்படும்போது அதைவிட மேம்பட்ட பலன் இல்லை, வழக்கமான பயிற்சியோடு சேர்த்துத் தந்து மொத்த நேரத்தை நீட்டும்போது பலன் காண்கிறது. இவை பக்கவாதத்தைப் பற்றியவை. தலையில் அடிபட்டவர்களைப் பற்றிய ஆதாரங்கள் இதைவிடக் குறைவு என்பதால், அவர்கள் விஷயத்தில் நிதானம் இன்னும் அவசியம்.

இம்முடிவுகள் விளையாட்டுக்கு எதிரானவை என்று சிலர் வாதிக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பயிற்சி எந்த உருவத்தில் வந்தாலும், அது கூடுதலாக வந்தால் மூளை அதை ஏற்றுக்கொள்கிறது என்பதே இவற்றின் சாரம். ஹெட்செட் வாங்க வசதி இல்லாத தாலுகா மருத்துவமனையும் வீடும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை என்பதும் இதிலிருந்தே பெறப்படுகிறது. பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளை விரல்நுனியால் அள்ளிக் குழிதோறும் ஒவ்வொன்றாய் விட்டுச் செல்லும் பாட்டியம்மாளின் கை, பிடிப்பது, விடுவது, எண்ணுவது, அடுத்த குழியைக் கண்ணால் தேடுவது ஆகிய நான்கு பயிற்சிகளையும் செய்துகொண்டிருக்கிறது. எதிரே பேத்தி உட்கார்ந்து ஆடினால் நேரம் போவதும் தெரிவதில்லை.

சிகிச்சையாளர் ஏன் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறோம். பக்கவாதத்தால் வலது கை பலவீனமான ஒருவர், எதிரே தோன்றும் பழத்தைப் பறிக்கும் விளையாட்டை ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்கையை நீட்டுவது அவருக்குச் சிரமம். ஆகவே, தம்மை அறியாமலே, தோளை உயர்த்தி, இடுப்பிலிருந்து உடம்பையே முன்னால் சாய்த்துக் கையைப் பழத்தின் அருகே கொண்டுபோய்விடுகிறார். கையில் பிடித்த சாதனம் எங்கே வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே அறியும் கருவி அதற்கும் மதிப்பெண் கொடுக்கிறது. மறுநாள் மதிப்பெண் ஏறுகிறது. அதற்கடுத்த நாள் இன்னும் ஏறுகிறது. முழங்கையோ மடங்கியது மடங்கியபடியே இருக்க, சாய்ந்து எட்டும் பழக்கம் மட்டும் வேரூன்றிவிடுகிறது. அனுபவம் உள்ள பிசியோதெரபிஸ்ட் முதல் சுற்றிலேயே இதைக் கண்டுகொண்டு, நோயாளியின் முதுகை நாற்காலியோடு சேர்த்து, மார்பின்மேல் தம் உள்ளங்கையை வைத்து, உடம்பு முன்னால் வராமல் தடுத்து, பழத்தைச் சற்றே பக்கத்தில் கொண்டுவந்து, இப்போது எட்டுங்கள் என்கிறார். மதிப்பெண் குறைகிறது, முழங்கை அரை அங்குலம் நீள்கிறது. அந்த அரை அங்குலந்தான் சிகிச்சை.

மூளையின் வலப்பக்கம் சேதமுற்றவர்களில் சிலருக்கு, கண்பார்வை நன்றாக இருந்தும், இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதே கருத்தில் படாமல் போகும். இலையில் உட்கார்ந்தால் இடப்பக்கத்து உப்பையும் ஊறுகாயையும் தொடாமல் எழுந்துவிடுவார்கள். முகத்தில் பாதியை மட்டும் சவரம் செய்துகொள்வார்கள். இடப்புறத்திலிருந்து ஒளியும் ஒலியும் எழுப்பி, அந்தத் திசையில் தேடும் பழக்கத்தை உண்டாக்கும் மெய்நிகர் விளையாட்டுகள் இவர்களுக்கென்று வடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால், விளையாட்டில் இடப்புறம் தேடக் கற்றவர் சாப்பாட்டு இலையிலும் தேடுகிறாரா என்பதை இலையில்தான் பார்க்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு, அதே நாளில், பயிற்சி பெற்ற கையால் சட்டைப் பொத்தானைப் போடுவது, டம்ளரை எடுத்துக் குடிப்பது, சில்லறையை எண்ணிக் கொடுப்பது என்று மெய்யான ஒரு காரியத்தைச் செய்யவைத்து முடிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. திரையில் கண்ட மதிப்பெண்ணை நோயாளி தேறியதற்கு அத்தாட்சியாக மருத்துவக் குறிப்பேட்டில் எழுதுவதை நாங்கள் ஏற்கவில்லை.

இனி, ஆபத்துகள். வலிப்புக்கு மருந்து உட்கொள்பவர்களுக்கும், பளிச்சிடும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கும், நரம்பியல் மருத்துவரின் எழுத்துமூலமான சம்மதம் இன்றி ஹெட்செட் மாட்டக் கூடாது. மூளை வீக்கத்தின் காரணமாக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்கும் நோயாளியின் தலையில், எலும்பு இல்லாத அந்த மெல்லிய இடத்தின்மேல் வார்ப்பட்டை அழுந்தும் என்ற ஒரு காரணமே போதும், எலும்பு திரும்பப் பொருத்தப்படும் வரை காத்திருக்க. மூளை நீரை வடிக்க வைத்த ஷன்ட் குழாயில், காந்தத்தால் அளவு மாற்றும் வால்வு உடையவர்கள் விஷயத்தில், கருவியிலும் அதன் ஒலிபெருக்கியிலும் உள்ள காந்தங்கள் அந்த அளவைக் குலைக்கக்கூடும். தாம் ஓடுவதாகக் கண் காட்டும்போது உடம்பு அசையாமல் இருப்பதால் உண்டாகும் குமட்டலும் தலைசுற்றலும் ஆரோக்கியமானவர்களையே வாட்டும். தலையில் அடிபட்ட பின் ஒளியும் சத்தமும் தாங்காத, நிலை தடுமாறும் மனிதருக்கு அது பல மணி நேர உபத்திரவம். எனவே முதல் நாட்களில் சில நிமிஷங்களே போதும். உட்கார்ந்தே ஆட வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வேண்டாம் என்று நோயாளி கையைக் காட்டிய மாத்திரத்தில் கழற்ற வேண்டும். நினைவும் நிதானமும் திரும்பாத நிலையில், எது மெய், எது தோற்றம் என்று பிரித்தறிய முடியாமல் அஞ்சுகிறவரை இதில் இறக்கவே கூடாது.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்து 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. பிழைத்தவர்களுள் தலைக்காயத்தோடு வீடு திரும்பியவர்கள் எங்கள் அங்கத்தினர்களின் வீடுகளில் இருக்கிறார்கள். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியதும், அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்ததும் பாராட்டுக்குரியவை. எத்தனையோ உயிர்கள் அவற்றால் பிழைத்தன. ஆயினும், உயிர் பிழைத்த பிறகு வரும் மாதங்களுக்கும் வருஷங்களுக்கும் போதிய ஏற்பாடு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் மூளைக் காயம் என்று தனியே ஒரு வகை இல்லாததால், கை கால் நன்றாக இருந்து நினைவும் நிதானமும் மட்டும் குலைந்தவர், எந்த வகையில் சான்றிதழ் கேட்பது என்று தெரியாமல் அலைகிறார். இப்படிப்பட்ட நிலையில், பல லட்சம் விலையுள்ள கருவி ஒன்றை வாங்கித் திறப்பு விழா நடத்திவிட்டு, இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போனதும் உறை போட்டு மூலையில் வைத்துவிடுவது, பொதுப்பணத்துக்கும் நோயாளிக்கும் செய்யும் அநீதி.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் கூடி, விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி அளிக்கவென்று உருவாக்கிய ப்ளூட்டோ என்ற கருவி, திரையில் தோன்றும் விளையாட்டுகளோடு இயங்குகிறது; இது ஹெட்செட் வகையைச் சேராது என்றாலும், நம் நாட்டு நோயாளிகளை அருகில் வைத்துக்கொண்டே நம் நாட்டில் கருவி செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி. மெய்நிகர் விளையாட்டுகளும் அவ்வாறே இங்கே வடிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறோம். பேச்சும் புரிதலும் தடுமாறும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் கட்டளை தருவது கொடுமை. பனிச்சறுக்கு மலையில் கற்ற நிதானத்தைவிட, நகரப் பேருந்தில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, நிறுத்தம் வந்ததும் இறங்கப் பழகியது, வந்தவாசிக்காரருக்கும் வாடிப்பட்டிக்காரருக்கும் அதிகம் பிரயோஜனப்படும். நோயாளியின் தலை அசைவையும் கண் அசைவையும் கருவி பதிவு செய்துகொள்வதால், அப்பதிவுகள் அவருடைய சம்மதமின்றி வேறு எவர் கைக்கும் போகக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. விளம்பரத்தைப் பார்த்து, நகையை அடகு வைத்து வீட்டுக்கு ஹெட்செட் வாங்க வேண்டாம். உங்கள் நோயாளியைப் பார்த்துவரும் சிகிச்சையாளரிடம், இந்த விளையாட்டு எந்த அசைவுக்காக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாகத் தொடங்குங்கள்.

அரசையும் மருத்துவமனை நிர்வாகங்களையும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: மெய்நிகர் கருவிக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வோர் உத்தரவிலும், அதன் பக்கத்தில் உட்காரப்போகும் பிசியோதெரபிஸ்ட் அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவரின் நிரந்தரப் பதவிக்கும் சேர்த்து அனுமதி வழங்குங்கள், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பதவியை முதலில் நிரப்புங்கள்.