காருக்கு எங்க காடு! எங்க ஊருக்கு பஸ் எங்கே?



நம்ம தோட்டத்து வரப்பில் ஒருநாள் அளவைக்கல் முளைக்கிறது. என்னங்க இது என்று கேட்டால் ரோடு வருகிறது என்கிறார்கள். யாருக்கு ரோடு என்று கேட்டால் "வளர்ச்சிங்க" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுகிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. ஆனால் அந்த வளர்ச்சி யாரை ஏற்றிக்கொண்டு போகிறது, யார் நெஞ்சு மேல் ஏறிப் போகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்போம்!

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ஏக்கர்?

கோவை மேற்குப் புறவழிச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுக்கரை பக்கம் மைல்கல்லில் ஆரம்பித்து, மாதம்பட்டி, சோமையம்பாளையம் வழியாக நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டர். 2023-ல் முதல் கட்ட வேலையைத் தொடங்கினார்கள். அது போகிற பூமி எது? மலையடிவாரம். தென்னை, பாக்கு, வாழை, சின்ன வெங்காயம் விளைகிற மண். நொய்யல் மலையிறங்கி வாய்க்காலுக்கும் குளத்துக்கும் தண்ணி கொடுக்கிற தடம்.

கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். 150 அடி அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோடு போட்டால் 11 ஏக்கர் போச்சு. அதே அகலத்தில் 32 கிலோமீட்டர் என்றால் 350 ஏக்கருக்கு மேல்! ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்துப் பண்ணையம் பார்க்கிற நம்மைப் போன்ற குடும்பங்கள் எத்தனை அதில் அடங்கும்? அதோடு விட்டதா? கிணறு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால் தண்ணி எப்படிப் பாய்ச்சுவது? இட்டேரி அடைபட்டால் மாடும் ஆடும் எந்த வழியாகப் போகும்? ரோட்டை மேடாக்கினால் மழைத்தண்ணி யார் காட்டில் நிற்கும்?

கேள்வி கேட்கிற வழியையும் சட்டம் போட்டே அடைத்தார்கள். 2013-ல் வந்த மத்திய நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யவேண்டும் என்று இருந்தது. அதிலிருந்து தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு விலக்கு கொடுத்து 105-ஏ என்ற பிரிவைத் தமிழக அரசு சேர்த்தது. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தார்கள். 2021-ல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. ஆட்சி மாறினாலும் அளவைக்கல் மாறவில்லை!

சேலம்–சென்னை எட்டுவழிச்சாலைக்கு 2018-ல் என்ன பேர் வைத்தார்கள்? பசுமைவழிச்சாலை! 277 கிலோமீட்டருக்குப் பசுமையை வெட்டிப் போட்டுவிட்டு, பேரில் மட்டும் பசுமையை வைக்கப் பார்த்தார்கள். ஏனுங்க, இதைவிட ஒரு கேலி உண்டா?

பஸ் விட்டவர் பேரில் பாலம்

இவ்வளவு ரோடு எதற்கு? நெரிசல் என்கிறார்கள். நெரிசல் எதனால்? ஒரு பஸ்ஸில் 60 பேர் போகிறோம். அந்த 60 பேரும் காருக்கு ஒருத்தர், ரெண்டு பேர் என்று போனால் 40 கார் வேண்டும். பஸ் அடைக்கிற இடம் 40 அடி. 40 காரை முட்ட முட்ட நிறுத்தினாலும் 500 அடி. ஆக, ரோட்டை அடைப்பது ஜனம் இல்லை, கார்! அந்தக் காருக்கு இடம் போதவில்லை என்றுதான் நம்ம வரப்புக்குக் கல் வருகிறது.

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். 2022-ல் திருச்சி ரோட்டுப் பாலம். 2024-ல் உக்கடம் பாலம். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் நீளப் பாலம், செலவு 1,791 கோடி ரூபாய். ஒரு பஸ் அரைக் கோடி ரூபாய் என்று வைத்தாலும் அந்தப் பணத்தில் 3,500 பஸ் வாங்கியிருக்கலாம். அகலமாக ரோடு போட்டால் காலியாகவா இருக்கிறது? புதுசாக நாலு பேர் கார் வாங்குகிறார்கள், மறுபடி அடைக்கிறது, மறுபடி அடுத்த பாலம். தென்கொரியாவின் சியோல் நகரத்தில் ஓடையை மூடி அதன் மேல் கட்டியிருந்த பறக்கும் சாலையையே 2003-ல் இடிக்க ஆரம்பித்து, 2005-ல் அந்த ஓடையில் திரும்பத் தண்ணி விட்டார்கள். கூடவே பஸ் வசதியையும் பெருக்கினார்கள். நகரம் ஒன்றும் நின்றுபோகவில்லை!

அவிநாசி ரோட்டுப் பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பேரை வைத்திருக்கிறார்கள். நல்ல பேர். நம்ம கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஆனால் அவர் செய்த தொழில் என்ன? 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டி ஆரம்பித்தவர். கிராமத்து ஜனத்தை பஸ்ஸில் ஏற்றியவர் பேரை, கார்கள் நிற்காமல் பறக்கிற பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனம் அந்தப் பாலத்துக்குக் கீழேதான் நிற்கிறது.

மேலே ரோடு, கீழே எண்ணெய்

கார் ஓட பெட்ரோல் வேண்டும். அதற்கும் நம்ம பூமிதான்! இருகூரிலிருந்து பெங்களூரு பக்கம் தேவனகொந்தி வரை எண்ணெய்க் குழாய்த் திட்டம். சாலையோரமாகக் கொண்டு போ என்று கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் கேட்டுக் கேட்டுப் போராடுகிறார்கள். 1962-ம் வருஷக் குழாய்ச் சட்டப்படி நிலம் நம்ம பேரில்தான் இருக்கும், பட்டாவும் நம்மளுதுதான். ஆனால் குழாய் போன இடத்தில் மரம் வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. அதற்குச் சட்டம் சொல்கிற ஈடு நில மதிப்பில் நூற்றுக்குப் பத்து! தென்னை வைக்க முடியாத தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம்ம ஊருக்கு என்ன கொடுத்தார்கள்?

1972-ல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-ல் மினி பஸ் வந்தது. 1999-ல் உழவர் சந்தை வந்தபோது, காய்கறிக் கூடையோடு ஏறிப்போக விடியக்காலை பஸ் விட்டார்கள். இதெல்லாம் நல்ல காரியம், மறுக்கவில்லை. இன்று அந்த விடியக்காலை பஸ் எத்தனை ஊருக்கு வருகிறது? 2020 கொரோனாவில் நின்றுபோன டிரிப்பில் திரும்பி வராதது எத்தனை? 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. வரவேற்கிறோம். ஆனால் பஸ்ஸே வராத ஊரில் இலவசப் பயணத்தை எதில் போவது?

போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதையை அகலமாக்க 2009-ல் மூடினார்கள். திரும்ப ரயில் ஓட 2017 ஆயிற்று. எட்டு வருஷம் பொறுக்க முடியாமல் கடன் வாங்கி வண்டி வாங்கியவன் தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். பஸ்ஸை நிறுத்தி, ரயிலை மூடி, நம்மையே வண்டி வாங்க வைத்துவிட்டு, 'வண்டி பெருத்துப் போச்சு, நிலம் கொடு' என்று நம்மிடமே வருகிறார்கள்!

சிலர் கேட்பார்கள்

"உங்க வீட்டிலயும் கார் இருக்குதுங்களே?" இருக்கலாம். ஆசுபத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வேண்டியதுதான். கார் வைத்திருப்பவரை நாம் திட்டவில்லை. கார் இல்லாமல் பக்கத்து டவுனுக்குக் கூடப் போக முடியாது என்று ஆக்கிவைத்திருக்கிற கொள்கையைத் திட்டுகிறோம்.

"ரோடு வந்தால் வெள்ளாமை சீக்கிரம் மார்க்கெட் போகுமே?" தக்காளி விலையில்லாமல் ரோட்டில் கொட்டியது ரோடு இல்லாததாலா? விலை இல்லாததால்!

"நல்ல விலை கொடுக்கிறாங்களே?" கொடுத்த பணத்தில் அதே தண்ணி உள்ள அதே மண் பக்கத்தில் கிடைக்குமா? பங்காளிகள் பிரித்தால் அந்தப் பணம் எத்தனை வருஷம் தாங்கும்? வேற வழியில்லாமல் நிலம் கொடுத்தவர்களுக்கு முழு விலை வாங்கிக் கொடுப்பதும் சங்கத்தின் கடமைதான். ஆனால் விலை பேசுவதோடு நம்ம போராட்டம் முடியக் கூடாது.

"பேட்டரி கார் வந்துவிட்டதே?" புகை குறையும், சரி. அகலம் குறையுமா? பேட்டரி காருக்கும் அதே 11 ஏக்கர்தான்!

நமது கோரிக்கைகள்

1. விளைநிலத்தில் புதுச் சாலைக்கு அளக்கும் முன், இருக்கிற சாலையில் பஸ்ஸுக்குத் தனித் தடம் ஒதுக்கு!
2. ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் விடியக்காலை முதல் இரவு 9 மணி வரை டவுன் பஸ், மினி பஸ் விடு! நின்றுபோன டிரிப்பைத் திரும்ப விடு!
3. உழவர் சந்தைக்கு விளைபொருளோடு ஏறிப்போக விடியக்காலை பஸ் விடு!
4. பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், ஈரோடு தடங்களில் காலையும் மாலையும் கூடுதல் பாசஞ்சர் ரயில் விடு!
5. சமூகத் தாக்க மதிப்பீடும் கிராமசபை ஒப்புதலும் இல்லாமல் சாலைக்கு நிலம் எடுக்காதே! 105-ஏ பிரிவை நீக்கு!
6. எண்ணெய்க் குழாயைச் சாலையோரமாகக் கொண்டு போ!

விவசாயப் பெருமக்களே! 1970 ஜூன் 19-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் நம்ம பாட்டன் அப்பன்மார் ஆயிரக்கணக்கான கட்டைவண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குள் இறங்கினார்கள். நகரமே நின்றது, சர்க்கார் பேச வந்தது. அந்த மண்ணில் பிறந்த நாம், கல் நடுகிறவனைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பதா?

முதல் வேலை இது. உங்கள் ஊருக்கு முன்பு எத்தனை பஸ் வந்தது, இப்போது எத்தனை வருகிறது, எந்தத் திட்டத்துக்கு எத்தனை ஏக்கர் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று எந்தக் கிராமசபை அடுத்து வந்தாலும் அந்த நோட்டோடு போங்கள். பெண்களையும் கூலிக்குப் போகிறவர்களையும் கூட்டிப் போங்கள். பஸ் இல்லாமல் அதிகம் கஷ்டப்படுவது அவர்கள்தான். தீர்மானம் போடச் சொல்லிக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். ஊரூராக வந்த தீர்மானங்களைக் கட்டுக்கட்டாக எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். பஸ்ஸிலேயே போவோம்!

காருக்குக் காட்டைக் கொடுக்காதே!
ஊருக்கு பஸ்ஸைக் கேட்டு வாங்கு!
விளைநிலம் காப்போம்! ஒன்றுபடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
விவசாயிகள் சங்கம்