வாயு கலைஞ்சிருச்சு... கணக்கு இன்னும் முடியல!

எண்ணூர் மக்களே!

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, தொண்டை அடைக்க, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கப்பலில் வரும் அமோனியாவை கோரமண்டல் உர ஆலைக்குக் கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. 50 பேருக்கு மேல் மருத்துவமனையில். மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசடையே மீனவர்கள் வழித்துக்கொண்டிருந்த மாதம் அது!

மறுநாள் என்ன சொன்னார்கள்? "கசிவை நிறுத்திட்டோம், நிலைமை சகஜமாயிடுச்சு."

யாருக்கு சகஜம்?

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகிற வாயு. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் என்று ஈரம் இருக்கும் இடத்தில் கரைந்து காரமாகிப் புண்ணாக்கும். பெரும்பாலோருக்கு சில நாளில் ஆறிவிடும். ஆனால் அதிகமாகச் சுவாசித்தவர்களுக்கு இருமலும் இழுப்பும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கலாம். ஆஸ்துமா இருப்பவர்கள், குழந்தைகள், வயதானவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். ரெண்டு நாளில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்ததாலேயே நுரையீரல் சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?

பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் என்ற கணக்கும் பேசப்பட்டது. ஆனால் ஒன்றைப் புரிஞ்சுக்கோங்க. அது கடலும் காற்றும் கெட்டதற்கான கணக்கு. உங்க வீட்டு மருந்துச் செலவு, போன நாள் கூலி, கடலுக்குப் போகாத நாட்கள் அதில் வராது. அதை நாமதான் தனியாகக் கேட்டு வாங்கணும்.

சட்டம் என்ன சொல்லுது?

1. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991. போபாலில் ஆயிரக்கணக்கான பிணங்கள் விழுந்த பிறகு வந்த சட்டம். ஆலை மீது தப்பு இருக்குன்னு நீங்க நிரூபிக்கவே வேண்டாம்; கசிவால் பாதிக்கப்பட்டோம்னு காட்டினால் போதும். விபத்து நடந்தது தெரிந்தவுடன் அதைச் சரிபார்த்து, விளம்பரம் செய்து, மக்களிடம் விண்ணப்பம் கேட்பது ஆட்சியரின் கடமை. ஆம், அவர்தான் உங்களைத் தேடி வரணும்! ஆனால் 1991-ல் இந்தச் சட்டம் ஓர் உயிருக்கு வைத்த நிவாரணம் எவ்வளவு தெரியுமா? 25,000 ரூபாய்! அதனால் இதோடு நிற்கக் கூடாது. இதை வாங்கினாலும் கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமை போகாது.

2. தேசிய பசுமைத் தீர்ப்பாயம். உடல் பாதிப்பு, சொத்துச் சேதம் இரண்டுக்கும் இங்கே இழப்பீடு கேட்கலாம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. 2020 மே 7 விசாகப்பட்டினம் ஸ்டைரீன் கசிவுக்கு, மறுநாளே 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது இதே தீர்ப்பாயம்தான்.

3. இலவச வழக்கறிஞர். தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தரணும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்குப் போன் போடுங்க.

இரண்டு கதவுகளுக்கும் கெடு ஐந்து ஆண்டு. அதாவது 2028 டிசம்பர் வரைதான். நாம மறப்போம்னுதான் அவங்க காத்திருக்காங்க!

இன்றே செய்ய வேண்டியது: அன்றைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்து பில், போனில் எடுத்த வீடியோ எல்லாத்தையும் ஒரே பையில் போட்டு வையுங்க. இன்னும் இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் அரசு மருத்துவமனையில் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை கேளுங்க. அமோனியா சுவாசித்ததை டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதி வாங்குங்க. சீட்டில் இல்லாதது கோர்ட்டில் இல்லை.

அரசிடம் நம் கோரிக்கை மூன்றுதான்:

👉 1991 சட்டப்படி எத்தனை விண்ணப்பம் வாங்கினீர்கள், எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்று ஆட்சியர் ஊரறிய அறிவிக்கணும்.

👉 இரு குப்பங்களிலும் வீடு வீடாக நுரையீரல், கண் பரிசோதனை நடத்தி, ஒவ்வொருவர் கையிலும் அறிக்கை கொடுக்கணும்.

👉 அபாய ஒலி கேட்டால் எந்தப் பக்கம் ஓடணும்னு குழந்தைக்குக் கூடத் தெரியும் அளவுக்கு ஒத்திகை நடத்தணும். அன்றைக்கு மக்களை எழுப்பியது சைரன் இல்லை, மூக்கு!

இது பிச்சை இல்லை. ஆலை லாபம் பார்க்கும், ஆபத்தை மட்டும் குப்பம் சுமக்கணுமா? நம் பகுதித் தோழர்கள் விண்ணப்பம் எழுத உங்க வீட்டுக்கே வருவாங்க. பையை எடுத்து வையுங்க.

படியுங்கள், பகிருங்கள். வாட்ஸ்அப் இல்லாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

#எண்ணூர் #அமோனியாகசிவு #இழப்பீடுஉரிமை